பொம்மை ரயிலுக்கு ஒரு நெல் ஆலை

கொலு வைத்திருக்கும் வீட்டில் பெரியவர்கள் படிகளைப் பார்ப்பார்கள்; குழந்தைகள் தரையைப் பார்ப்பார்கள். தரையில்தானே பார்க் இருக்கிறது? மண் கொட்டி, கேழ்வரகும் கடுகும் தெளித்து முளைக்க வைத்த புல்வெளி, கண்ணாடித் துண்டில் ஒரு குளம், குளத்தில் இரண்டு வாத்துகள், எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி வரும் ஒரு சாவி ரயில். சாவி போய் இப்போது பாட்டரி வந்துவிட்டது என்பதைத் தவிர, என் சிறு வயதிலிருந்து இந்த ஏற்பாட்டில் பெரிய மாறுதல் ஒன்றும் இல்லை.

நவராத்திரிக்குத் தஞ்சாவூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மேல வீதியில் வீடு. அங்கேயும் பார்க் இருந்தது, குளம் இருந்தது, வாத்து இருந்தது, ரயிலும் இருந்தது. ஒரு எஞ்சின், ஐந்து கூட்ஸ் பெட்டிகள். அக்காவின் பெண்ணுக்கு எட்டு வயசு. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துச் சுற்று ஆயிற்று. இருபது சுற்று ஆயிற்று.

“சித்தி, இந்த ரயில் எங்கே போகுது?” என்றாள்.

“எங்கேயும் போகவில்லை. சுற்றிக்கொண்டிருக்கிறது.”

“அதுக்குள்ளே என்ன இருக்கு?”

ஒரு பெட்டியை எடுத்துக் கதவைத் திறந்து காட்டினேன். ஒன்றும் இல்லை. அவள் முகம் விழுந்துவிட்டது.

“காலி வண்டியா? அப்போ எதுக்கு ஓடணும்?” என்று கேட்டுவிட்டு, சுண்டல் வாங்கிக்கொள்ள எழுந்து போய்விட்டாள்.

குழந்தை போய்விட்டாள், கேள்வி போகவில்லை. நாமெல்லாரும் ரயில் என்றால் ஜன்னலோர ஸீட்டைத்தான் நினைக்கிறோம். கூட்ஸ் வண்டியை எப்போது நினைக்கிறோம்? லெவல் கிராஸிங்கில் கேட் மூடியிருக்கும்போது, “சனியன், இதற்கு முடிவே இல்லையா?” என்று வைவதற்காக நினைக்கிறோம்! அன்று காலையில்தான் நானும் டெல்டாவில் ஒரு ஊரில் மூடிய கேட்டுக்கு முன்னால் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, அரை மணி நேரம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வைதிருந்தேன். அந்த வண்டிக்குள் என்ன இருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எட்டு வயசுக் குழந்தைக்குத் தோன்றியிருக்கிறது.

* * *

இந்தக் கேள்வியைப் பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? மேல்நாடுகளில் பொம்மை ரயில் என்பது குழந்தைகளின் சமாச்சாரம் மட்டுமல்ல. ஜெர்மனியில் மார்க்லின் என்ற கம்பெனி 1891-ல் லைப்ஸிக் நகரத்துச் சந்தையில், தண்டவாளத்தையும் வண்டிகளையும் தனித்தனியாக வாங்கி ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டே போகும்படியான பொம்மை ரயிலைக் கொண்டுவந்து வைத்தது. இந்த வருஷம் ஒரு எஞ்சின், அடுத்த வருஷம் ஒரு ஸ்டேஷன், அப்புறம் ஒரு பாலம் என்று வளர்த்துக்கொண்டே போகலாம். நம் கொலுவும் அப்படித்தானே வளருகிறது? பிள்ளைகளுக்கென்று வாங்கிய அப்பாக்கள் பிறகு பிள்ளைகளைத் தொடவிடாமல் தாங்களே விளையாட ஆரம்பித்ததுதான் இந்தக் கலையின் சரித்திரம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் நாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. புணேயில் ஜோஷி என்ற ஒருவர் ஆசையோடு வளர்த்த சிறு ரயில் உலகத்தை 1998 முதல் அருங்காட்சியகமாகவே எல்லாரும் போய்ப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஃப்ராங்க் எல்லிஸன் என்று ஒருவர் இருந்தார். மிஸிஸிப்பி நதி கடலில் சேரும் கழிமுகப் பக்கத்து ஊர் அது. அவர் வீட்டுக்குள் அமைத்த ரயில்பாதைக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? ‘டெல்டா லைன்ஸ்’! காவேரி டெல்டாக்காரர்களான நமக்கு இதைக் கேட்க ஒரு சந்தோஷம் இருக்கத்தானே செய்யும்? 1944-ல் அவர் எழுதிய கட்டுரைகள் இந்தப் பொழுதுபோக்கையே மாற்றிவிட்டன. அவர் சொன்னது இதுதான்: பொம்மை ரயில் ஒரு நாடகம். தண்டவாளமும் ஊர்களும் மேடை; வண்டிகள் நடிகர்கள்; கால அட்டவணைதான் கதை. வட்டமாக ஓடும் ரயிலில் கதை இல்லை. ஓர் இடத்தில் சரக்கு இருந்து, இன்னோர் இடத்தில் அதற்குத் தேவை இருந்து, நடுவில் ஒரு வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டியிருந்தால்தான் கதை உண்டாகிறது.

சரி, கதைக்கு ஏற்ற கட்டடம் எது? அந்த நாட்டார் பலருக்குப் பிடித்தமானது பழத்தையும் காய்கறியையும் தகர டப்பாவில் அடைக்கும் ஆலை. ஏன் என்று யோசித்தால் நம்மைப் போல் சமையலறை நடத்துகிறவர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஒரு துணி மில்லுக்குப் பஞ்சு வருகிறது, துணி போகிறது; அவ்வளவுதான். டப்பா ஆலைக்கு என்னென்ன வரவேண்டும்? தோட்டத்திலிருந்து பழம் வரவேண்டும்; அது ஐஸ் போட்ட பெட்டியில், அழுகுவதற்குள் வரவேண்டும். காலி டப்பாக்கள் வரவேண்டும். சர்க்கரை வரவேண்டும். அட்டைப் பெட்டியும் டப்பாவின் மேல் ஒட்டும் சீட்டும் வரவேண்டும். கொதிகலனுக்குக் கரியோ எண்ணெயோ வரவேண்டும். முடிந்ததும் நிரம்பிய டப்பாக்கள் வெளியே போகவேண்டும். இத்தனைக்கும் ஆலைப் பக்கம் ஒரே ஒரு கிளைத் தண்டவாளம்! பழப் பெட்டி முன்னால் நிற்க, அதற்குப் பின்னால் சர்க்கரைப் பெட்டி மாட்டிக்கொண்டால், ஒன்றைப் பின்னுக்குத் தள்ளி, ஒன்றை இழுத்து, மற்றொன்றை ஒதுக்குப் பாதையில் நிறுத்தி... ஒற்றை அடுப்பில் சாதமும் குழம்பும் பாலும் மாறி மாறி வைக்கிற சாமர்த்தியம்தான்.

எந்தப் பெட்டி எங்கே போகவேண்டும் என்பதற்கு அவர்கள் ஒரு சீட்டு வைத்துக்கொள்கிறார்கள். 1961-ல் டக் ஸ்மித் என்பவர் அதை எளிமையான ஓர் ஏற்பாடாக எழுதிக் காட்டினார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அட்டை. அட்டையில் செருகிவைக்க ஒரு சீட்டு. சீட்டில் சரக்கு, புறப்படும் ஊர், சேரும் ஊர். சேர்ந்ததும் சீட்டைத் திருப்பினால் அடுத்த பிரயாணம். அதாவது நம் ரயில்வே ரசீதின் குட்டி வடிவம்.

இதையெல்லாம் அன்று இரவு அக்காவிடம் சொன்னேன். “நம் ஊரில் டப்பா ஆலைக்கு எங்கே போவது?” என்றாள் அக்கா.

“டப்பா ஆலை எதற்கு? ஊரைச் சுற்றி நெல் ஆலை இருக்கும்போது!” என்றேன்.

* * *

தஞ்சாவூருக்கு ரயில் வந்த கதையே நெல்லோடு பின்னிக்கொண்டதுதான். 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் வண்டி ஓடத் தொடங்கியது. மறு வருஷம் திருச்சிராப்பள்ளியை எட்டியது. நாகப்பட்டினம் துறைமுகம். அங்கேயிருந்து தஞ்சாவூர் அரிசி இலங்கைக்குக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அங்கே காப்பித் தோட்டத்திலும் பிறகு தேயிலைத் தோட்டத்திலும் உழைக்கப் போன நம் ஜனங்கள், கடல் தாண்டியும் நம் பக்கத்து அரிசியையே உலையில் போட்டார்கள்.

அதைவிட எனக்குப் பெருமையாகப் படுகிற விஷயம் ஒன்று உண்டு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு தானே ஒரு ரயில்பாதை போட்டது! நிலவரியோடு ஒரு சிறு வரி சேர்த்து வசூல் செய்து, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்குத் தண்டவாளம் போட்டார்கள். 1894-ல் வண்டி ஓடிற்று. வண்டியை ஓட்டிக் கொடுத்தது தென்னிந்திய ரயில்வே, பாதை ஜில்லாவுடையது. வெளிநாட்டுக் கம்பெனிகள் ரயில் விட்ட காலத்தில், களத்து நெல் விற்ற காசில் ஒரு ஜில்லா தனக்குத் தானே ரயில் விட்டுக்கொண்டதென்றால் லேசான காரியமா?

பிறகு வெகு காலம் இந்தப் பக்கமெல்லாம் மீட்டர் கேஜ். சின்ன வண்டி, சின்னப் பெட்டி. அகலப் பாதை இருக்கும் ஊருக்குச் சரக்கு போகவேண்டுமானால், இரண்டு பாதையும் சந்திக்கும் இடத்தில் மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றவேண்டும். தஞ்சாவூர்ப் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப் பாதையாக மாறிய பிறகுதான் அந்தத் தொல்லை விட்டது. மூடிக் கிடந்த மன்னார்குடிப் பாதைகூட 2011-ல் அகலப் பாதையாக மறுபடியும் உயிர்பெற்றது. இன்று மன்னார்குடியிலும் நீடாமங்கலத்திலும் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் நெல் ஏறுகிறது.

* * *

மறுநாள் காலையில் அக்காவின் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு தஞ்சாவூர் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட் பக்கம் போனேன். வெளியிலிருந்து பார்ப்பதற்கு யார் தடுக்கப்போகிறார்கள்?

நெல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, கல்யாணப் பந்தியில் இடத்துக்குக் காத்திருப்பவர்களைப்போல் நின்றுகொண்டிருந்தன. தண்டவாளத்தில் கபில நிறத்தில் பெட்டிகள். ஒரு பெட்டிக்கு நாலைந்து பேராக ஆட்கள். தலையில் துண்டைச் சும்மாடாகக் கட்டிக்கொண்டு, லாரியிலிருந்து முதுகில் மூட்டையை வாங்கி, பலகை மேல் குடுகுடுவென்று நடந்து, பெட்டிக்குள் அடுக்கிவிட்டு அதே வேகத்தில் திரும்பி வந்தார்கள்.

கணக்கைக் கொஞ்சம் கேளுங்கள். கொள்முதல் நிலையத்தில் கட்டும் நெல் மூட்டை 40 கிலோ. முழு வண்டி ஒன்றில் 42 பெட்டிகள் பூட்டி, 2,000 டன் நெல் ஏற்றி அனுப்புவது இங்கே சாதாரண வழக்கம். 2,000 டன் என்றால் 50,000 மூட்டை! பெட்டிக்குச் சுமார் 1,200 மூட்டை. ஏற்றுவதற்கு ரயில்வே கொடுப்பதோ சில மணி நேரம்தான். தாண்டினால் அபராதம் கட்டவேண்டும். வண்டியைப் பிடித்துவைத்திருப்பதற்கு வாடகை மாதிரி அது.

இந்த நெல் எங்கே போகிறது? தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் என்று 1972-ல் ஏற்பட்ட ஸ்தாபனம் விவசாயிகளிடம் நேரடியாக வாங்கும் நெல் இது. டெல்டாவில் விளைவதை எல்லாம் டெல்டாவிலேயே அரைத்து முடியாது. ஆகவே தர்மபுரி, சேலம், ஈரோடு, மதுரை, விருதுநகர், திருநெல்வேலி என்று வெளி ஜில்லா ஆலைகளுக்கு அரவைக்குப் போகிறது. அங்கே ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தி, அரைத்து, புழுங்கல் அரிசியாக்குகிறார்கள். நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி கொடுக்கவேண்டும் என்பது சர்க்கார் கணக்கு. ஒரு முழு வண்டி நெல்லுக்கு 1,360 டன் அரிசி. ரேஷன் கார்டுக்கு 20 கிலோ வீதம் போட்டுப் பாருங்கள்: 68,000 குடும்பங்களுக்கு ஒரு மாத அரிசி! நேற்று நான் வைத வண்டியில் போனது, நெல்லாக இருந்தால், ஒரு நகரத்துக்குப் போதுமான சோறு.

மர நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். தோளில் மூட்டை உரசி உரசிக் காய்ப்பு.

“இன்னிக்கு வண்டி வந்துடுச்சும்மா, சந்தோஷம்” என்றார்.

“வராமலும் இருக்குமா?”

“இருக்கும்மா. காலிப் பெட்டி வந்தாத்தானே ஏத்தலாம்? வண்டி வராட்டி நெல்லும் வெளியில, நாங்களும் வெளியில” என்று சொல்லி, துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

அக்காவின் பெண் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். “சித்தி, காலி வண்டிகூட வேணும்னு அந்தத் தாத்தா சொல்றாரே!” என்றாள்.

* * *

அந்தப் பெரியவர் சொன்னதில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது, வாசகர்களே!

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீரில் நட்ட குறுவை, செப்டம்பர் அக்டோபரில் அறுவடைக்கு வருகிறது. அதே சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. கதிர் முற்றுவதும் மேகம் முற்றுவதும் ஒரே மாதம்! நெல்லில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதலில் எடுக்கக்கூடாது என்பது விதி. மழைக் காலத்தில் அதை எப்படிக் காயவைப்பது? ரோட்டில் கொட்டிக் கிளறுகிறார்கள். மேகம் கறுத்தால் தார்ப்பாயைத் தேடி ஓடுகிறார்கள். வடாம் பிழிந்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் நமக்கு உண்டே. ஒரு வருஷத்து ஜீவனத்தையே மொட்டை மாடியில் காயப்போட்டிருப்பதாக நினைத்துக்கொண்டால் விவசாயியின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று ஒருவாறு தெரியும். மிக மோசமான வருஷங்களில் இந்த விதியைத் தளர்த்தும்படி சர்க்கார் கேட்டு வாங்குவதும் உண்டு.

கொள்முதல் ஆன பிறகாவது கவலை விட்டதா என்றால், இல்லை. கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் அடுக்கியிருக்கும். அவை கிடங்குக்கோ ஆலைக்கோ நகர்ந்தால்தான் அடுத்த விவசாயியின் நெல்லை நிறுக்க இடம் உண்டு. லாரி போதாது, காலி ரயில் பெட்டி வரவேண்டும். அது இரண்டு நாள் தாமதித்தால் கூட்ஸ் ஷெட்டில் லாரி தேங்குகிறது. லாரி தேங்கினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்குகிறது. மூட்டை தேங்கினால் களத்தில் நெல் தேங்குகிறது. அப்போது பார்த்து மழை கொட்டினால்? 2025 அக்டோபரில் டெல்டாவில் குறுவை நெல் நனைந்து, மூட்டையிலேயே முளை விட்டதைப் பத்திரிகைகளில் படம் படமாகப் பார்த்தோம். அதற்குப் பல காரணங்கள் சொன்னார்கள். அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நனைவது என்னவோ நெல்தான்.

இது இன்று நேற்றுக் கவலையும் அல்ல. மைசூரில் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் டைரக்டராக இருந்த டாக்டர் வி. சுப்பிரமணியன், பிற்காலத்தில் நம் பக்கம் வந்து இந்தக் குறுவை ஈரத்தோடுதான் மல்லுக்கு நின்றார். 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சிறிய நெல் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பமாயிற்று. மழையில் நனைந்த நெல்லைக் கெடாமல் காப்பது எப்படி என்பதே அதன் முதல் கேள்வி. அந்தச் சிறு நிலையந்தான் தஞ்சாவூருக்கு வந்து, வளர்ந்து, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிலையமாக நிற்கிறது. ஈர நெல்லில் முளைத்த ஒரு சர்வகலாசாலை என்று சொன்னாலும் தவறில்லை!

* * *

இவ்வளவும் தெரிந்த பிறகு பொம்மை ரயிலைச் சும்மா சுற்ற விட மனசு வருமா? வீட்டுக்கு வந்ததும் அக்காவும் நானும் குழந்தையும் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தோம். செலவு என்று ஒன்றும் ஆகவில்லை. உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம் என்பதற்காகச் செய்முறையை எழுதுகிறேன்.

முதலில் அளவு. மேல்நாட்டில் அதிகமாகப் புழங்கும் சிறு ரயில், நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. நம் 42 பெட்டி வண்டி நிஜத்தில் 600 மீட்டரையும் தாண்டும். அந்த அளவில் செய்தால்கூட ஏழு மீட்டர் நீளம். கூடத்தில் எஞ்சின் நின்றால் கடைசிப் பெட்டி வாசல் கோலத்தில் நிற்கும்! ஆகவே ஐந்து பெட்டி போதும். சாவி ரயிலும் இல்லாதவர்கள் தீப்பெட்டிகளை நூலில் கோத்துக்கொள்ளலாம்.

அடுத்தபடி ஊர்கள். ஒரு பக்கம் கோணித் துணி விரித்துக் களமும் கொள்முதல் நிலையமும். அதையடுத்து அட்டையில் கூட்ஸ் ஷெட். எதிர்ப் பக்கத்தில் அட்டைப் பெட்டியில் நெல் ஆலை. காகிதத்தைச் சுருட்டி ஒரு புகைபோக்கி. அரிசி போய்ச் சேரும் இடத்துக்கு நாம் அலைய வேண்டியதே இல்லை. கொலுவில் மளிகைக் கடை பரப்பிக்கொண்டு செட்டியாரும் ஆச்சியும் உட்கார்ந்திருக்கிறார்களே! ஸ்டேஷன் மாஸ்டர் யார் என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. எதைக் கேட்டாலும் ‘ஆகட்டும், ஆகட்டும்’ என்று தலையை ஆட்டுவார். வண்டி வருவது வேறு விஷயம்!

மூட்டைகளுக்குப் பழைய ரவிக்கைத் துணியில் விரல் அளவுப் பைகள் இருபது தைத்தோம். பத்தில் நெல், மற்றதில் அரிசி. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிப் பெட்டிக்கு ஒரு சீட்டு. ஒரு பக்கத்தில், ‘நெல். நீடாமங்கலத்திலிருந்து ஆலைக்கு.’ மறு பக்கத்தில், ‘காலி. ஆலையிலிருந்து நீடாமங்கலத்துக்கு.’ வண்டி ஆலையில் நின்று மூட்டை இறங்கியதும் சீட்டைத் திருப்பவேண்டும். காலிப் பெட்டி திரும்பி வந்து சேரும் வரை புதிய மூட்டை ஏற்றக்கூடாது; அது களத்தில் கிடக்கவேண்டியதுதான்.

ஒரு முக்கியமான விதியும் உண்டு. இன்னொரு சீட்டுக் கட்டு வைத்தோம். பத்துச் சீட்டு, ஒன்பது வெயில், ஒன்று மழை. வண்டி ஒவ்வொரு சுற்று வந்ததும் ஒரு சீட்டு எடுக்கவேண்டும். மழை வந்தால், கூரையில்லாமல் களத்தில் இருக்கும் மூட்டைகள் ஆட்டத்திலிருந்து போயின. பெட்டிக்குள் ஏறியவை தப்பின.

பத்து நெல் மூட்டை ஆலைக்குப் போனால் ஏழு அரிசி மூட்டைதான் வெளியே வரும். “மூணு மூட்டையை யார் எடுத்துண்டா?” என்று அடுத்த வீட்டுப் பையன் சண்டைக்கு வந்தான். ஆலைக்காரர் திருடவில்லை, உமி ஆலையின் கொதிகலனுக்கு எரிபொருளாகப் போயிற்று, தவிடு எண்ணெய் எடுக்கப் போயிற்று என்று சமாதானம் சொன்னோம். பையன் முழுக்க நம்பினதாகத் தெரியவில்லை.

மூன்றாவது சுற்றில் மழைச் சீட்டு வந்தது. களத்தில் நாலு மூட்டை இருந்தது. அக்காவின் பெண் ஒன்றும் பேசாமல் அந்த நாலையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “ஆட்டத்திலிருந்து போனதை வைத்துக்கொள்ளக் கூடாது” என்றான் பையன். “வச்சுக்கலை, காயவைக்கிறேன்” என்றாள் அவள்.

* * *

அன்று சாயங்காலம் ரயில் நிற்கும்போதெல்லாம் ஒரு கூட்டம். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த மாமிகளும் உட்கார்ந்து ஒரு கை பார்த்தார்கள். அதில் ஒரு பாட்டி, தாம் புதுப்பெண்ணாக வந்தபோது களத்திலிருந்து மாட்டு வண்டியில் மூட்டை ஸ்டேஷனுக்குப் போகுமென்றும், வண்டி நேரம் தவறினால் தம் மாமனார் அன்று சாப்பிடவே மாட்டாரென்றும் சொன்னார்.

எல்லாரும் போன பிறகு குழந்தை ஒன்பது படிகளையும் மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள். தசாவதாரம் இருந்தது. கல்யாண கோஷ்டி இருந்தது. பாண்டு வாத்தியக்காரர்கள், போலீஸ்காரர், பால்காரி, பாம்பாட்டி எல்லாரும் இருந்தார்கள்.

“சித்தி, மூட்டை தூக்குற தாத்தா எங்கே?”

தேடினோம். இல்லை. அக்கா முப்பது வருஷமாகச் சேர்த்த கொலுவில் அரிசி விற்கிறவர் இருந்தார், அரிசி வாங்குகிறவர்கள் இருந்தார்கள், சோறு உண்ணும் பந்திகூட இருந்தது. 50,000 மூட்டையையும் லாரியில் ஒரு தரம், பெட்டியில் ஒரு தரம், இறங்கும் ஊரில் மறுபடியும் இரண்டு தரம் தோளில் தாங்குகிறவர் மட்டும் இல்லை.

“அடுத்த வருஷம் கடையில் கிடைக்கிறதா பார்க்கலாம்” என்றாள் அக்கா.

குழந்தைக்கு அடுத்த வருஷம் வரை பொறுக்குமா? பார்க்கில் மிச்சமிருந்த மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, முதுகு வளைந்த ஒரு ஆளைச் செய்து, அவர் முதுகில் ஒரு துணி மூட்டையை ஒட்டினாள். தலை கொஞ்சம் கோணல். ஒரு கால் குட்டை. கூட்ஸ் ஷெட்டில் வைப்பாள் என்று பார்த்தால், கீழ்ப்படியில் செட்டியாரை நகர்த்திவிட்டு அவர் பக்கத்தில் நிறுத்தினாள்.

விஜயதசமி கழிந்து பொம்மைகளை எடுத்துப் பெட்டியில் வைக்கும் நாள் நான் ஊருக்குக் கிளம்பவேண்டியிருந்தது. சூளையில் சுடாத மண், தொட்டால் உதிரும். அக்கா முதல் முதலாக அவரைத்தான் எடுத்தாள். பஞ்சு வைத்து, பழைய வேஷ்டித் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, பெருமாளுக்கும் தாயாருக்கும் நடுவில் பத்திரமாகப் படுக்க வைத்தாள்.

ஊர் திரும்பும் வழியில் அதே லெவல் கிராஸிங். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் எல்லாரும் சலித்துக்கொண்டார்கள். நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சில பெட்டிகளின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. காலி வண்டி, தஞ்சாவூர்ப் பக்கம் போகிறது.

மேற்கே மேகம் கறுத்திருந்தது. சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.